ஹாயில் பேக் யாருக்காக வந்தார்?

எங்கள் ஊர்க் கோர்ட் வாசலில் இரண்டு வரிசை உண்டு. ஆண்கள் வரிசையில் நிற்கிற போலீஸ்காரன் பேருக்கு ஒரு தடவு தடவி உள்ளே விட்டுவிடுவான். மாமன் மச்சான் என்று ஏதாவது முறை வந்துவிட்டால் அந்தத் தடவலும் கிடையாது. பெண்கள் வரிசையில் அந்தக் கதையெல்லாம் நடக்காது. அங்கே தகரத் தடுப்புக்குப் பின்னால் உம் ஐஹம் நிற்கிறாள். உம் என்றால் தாய், அபூ என்றால் தகப்பன்; பிள்ளை பெயரைச் சேர்த்துத்தான் எங்கள் பக்கத்தில் கூப்பிடுவோம்.

எனக்குக் கோர்ட்டுக்கு எதிரே காபி வண்டி. வருஷக்கணக்காக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குள்ளமான உருவம், நீல அங்கி, கறுப்புத் தலைத்துணி. அந்தக் கண்ணுக்கு எதிரே கைப்பையோடு போய் நின்றால், ஒன்றும் இல்லாதவளுக்கும் எதையோ திருடிவிட்ட மாதிரி இருக்கும்.

ஒருமுறை ஒரு சின்னப் பெண் வந்தாள். தோளில் குழந்தைச் சாமான் பை.

"பையில என்ன?"

"பால் புட்டிக்கா. குழந்தைக்கு."

"குழந்தை எங்க?"

"வீட்டுல."

"குழந்தை வீட்டுல, பால் கோர்ட்லயா?"

பையின் அடியில், குழந்தைத் துணிகளுக்கு நடுவே, கைத்துப்பாக்கி. புருஷனுடைய அண்ணனைக் கொன்றவனுக்கு அன்று தீர்ப்பு. போலீஸ் மேலதிகாரி வந்து உம் ஐஹமைப் பாராட்டிவிட்டுப் போனார். அவர் எதற்காகப் பாராட்டுகிறார் என்று அவளுக்கு அதிலும் சந்தேகம்.

"ஆம்பளை எதையாவது ஒளிக்கணும்னா பொம்பளைகிட்டதான் குடுப்பான் அண்ணே. அவளை எவனும் தொட மாட்டான்னு ஒரு தைரியம்" என்பாள். இன்னொன்றும் சொல்வாள். "மொறைக்கிறவளைக்கூட விட்டுரலாம். சிரிச்சிக்கிட்டே பையைத் திறந்து காட்டுறா பாருங்க, அவளை ரெண்டு தடவை பாக்கணும்."

சொந்த நாத்தனார் ஜீவனாம்ச வழக்குக்கு வந்தபோது அவளையும் தடவித்தான் உள்ளே விட்டாள். அதற்காக அந்த வீட்டில் ஒரு ரமலான் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. நீதிபதியின் மனைவி கணவருக்குத் திராட்சை இலைச் சுருள் செய்து பாத்திரத்தில் கொண்டுவந்தாள். உம் ஐஹம் மூடியைத் திறந்து கரண்டி விட்டு அடி வரைக்கும் கிளறிப் பார்த்தாள். என் காபியையே மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

"நேத்து காய்ச்சினதுதானே இது?"

"இல்லம்மா, காலையில காய்ச்சினது."

"அப்ப ஏன் சிரிக்கிறீங்க?"

என்ன செய்வது, எனக்கு முகமே அப்படி.

அவளுடைய புருஷன் லாரி ஓட்டினான். பாலைவனச் சாலையில் ஒரு பனிமூட்டத்தில் போனவன் திரும்பவில்லை. அப்போது ஐஹம் பால்குடி. கோர்ட் வாசல் வேலையை வைத்துத்தான் அவனை ஆளாக்கினாள். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கப் படித்துக்கொண்டிருந்தான் பையன். ஒல்லி, வாய்த்துடுக்கு. சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வருவான். வந்ததும் தகரத் தடுப்புக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான்.

"சோதனை போட்டுக்கம்மா. இன்னைக்குச் சிகரெட்டு ஒண்ணுகூட இல்ல."

அவள் நிஜமாகவே சட்டைப்பையில் கை விடுவாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நேரத்தில்தான்.

தேர்தல் முடிவு வந்த அன்று எங்கள் தெருப் பக்கம் தண்ணீர் விடும் நாள். வாரத்தில் ஒரு நாள்தான் குழாயில் வரும். அன்றைக்கு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பாவிட்டால் அடுத்த வாரம் வரை அக்கம்பக்கத்தில் கையேந்த வேண்டும். தொட்டியின் மிதவை சிக்கிக்கொண்டது என்று ஐஹம் மேலே ஏறினான். சூரியன் விழுகிற நேரம். அப்போதுதான் எங்கள் தொகுதியில் எம்.பி.க்கு நின்ற ஹாயில் பேக் ஜெயித்துவிட்டார் என்று செய்தி வந்தது. பேக் என்பது பெரிய வீட்டுக்காரருக்கு எங்கள் பக்கத்தில் சொல்கிற மரியாதை.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஊரே சுட்டது. வானத்தைப் பார்த்துச் சுட்டால் குண்டு வானத்திலேயே தங்கிவிடும் என்று எங்கள் ஆண்களுக்கு ஒரு நினைப்பு. கல்யாணமா, சுடு. பரீட்சையில் பையன் பாஸா, சுடு. எம்.பி. ஜெயித்தால் சும்மா இருப்பானா?

கீழே இருந்து உம் ஐஹம் கூப்பிட்டிருக்கிறாள். "தொட்டி நெறஞ்சிருச்சாடா?" பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வழிந்து சுவரோடு இறங்கியது. நிறைந்துவிட்டதே, ஏன் மூடாமல் நிற்கிறான் என்று திட்டிக்கொண்டே ஏறியவள்தான்.

உயிர் போன பிள்ளையின் உடம்பிலிருந்து குண்டை மருத்துவமனையில் எடுத்தார்கள். அது அரசு வக்கீல் அலுவலகத்துக்குப் போனது. போலீஸ் வீடு வீடாக விசாரித்தது. ஊர் முழுக்கச் சத்தம் கேட்டவர்கள். சுட்டவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு அன்று வந்த கோபத்தில் வண்டியை நடுத்தெருவில் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது.

துக்கம் விசாரிக்கும் நாட்கள் முடிவதற்குள் பெரியவர்கள் கூட்டமாக வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒரு வீட்டில் ரத்தம் சிந்திவிட்டால், சிந்தியவன் தரப்பு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரும். காபி ஊற்றுவார்கள். குடிக்கக் கூடாது, கோப்பையைத் தரையில் வைத்துவிட வேண்டும். வந்தவர்கள் கேட்பதைக் கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லி, "உங்க காபியக் குடிங்க" என்ற பிறகுதான் கோப்பையைத் தொடலாம். குடித்துவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் கொடுத்தவன் பின்வாங்கினால் அவன் பேரனுக்குக்கூட அந்த ஊரில் பெண் கிடைக்காது.

அன்று கூட்டத்துக்கு முன்னால் நடந்து வந்தவர் ஹாயில் பேக். நல்ல உயரம், சாம்பல் நிறக் கோட்டு, முகத்தில் தூக்கம் இல்லாத கருமை. அவர் சார்பில் பேசியவர் கிறிஸ்தவத் தெருப் பெரியவர் அபூ ஜிர்யிஸ். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சமாதானமும் அவர் வாய் இல்லாமல் நடந்ததில்லை. இறைவன் விதி, தெரியாத கை, ஊரின் சந்தோஷத்தில் நேர்ந்த துக்கம் என்று பேசி அவர் மன்னிப்புக் கேட்டார். உம் ஐஹமின் புருஷனுக்கு அண்ணன் அபூ ஸக்ர் தலையைக் குனிந்துகொண்டு, "காபியக் குடிங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்து அறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த தாயை யாரும் கேட்கவில்லை.

ஆனால் வழக்கை முடிக்கக் கோர்ட்டுக்கு அது போதாது. பெற்றவள் உள்ளே போய், மன்னித்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். தினமும் கோர்ட் வாசலில் நிற்கிறவள் அதற்காக மட்டும் உள்ளே போகவே இல்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் என் வண்டிக்கு வந்தாள். கோப்பையை மோந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே கையில் வைத்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? கூட்டமா வந்து காபியக் கீழ வச்சாங்களே. யாருக்காக வந்தாங்க?"

"ஊருக்காகம்மா."

"ஊரா சுட்டுச்சு? ஒருத்தன் கைதானே? செஞ்சவன் தரப்புதானே வந்து உக்காரணும்? செஞ்சவன் யாருன்னே தெரியாதுங்கறாங்க. அப்ப இந்த பேக் யாருக்காக வந்தார்?"

ஊரில் எல்லோருக்கும் ஒரு பதில் இருந்தது. வாய்விட்டுச் சொல்கிற தைரியம்தான் இல்லை. பேக்குக்குக் கினானா என்று ஒரு மகன். கார் ஓட்டுகிற வேகமும் முடி வெட்டுகிற விதமும் பார்த்தாலே தெரியும், கையில் எது கிடைத்தாலும் தூக்கிக்கொண்டு ஆடுகிறவன். அவன்தான் என்று ஊர் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டது.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. ஹாயில் பேக் பாராளுமன்றத்தில் துப்பாக்கிக்கு எதிராக எழுந்து நின்றார். கையில் ஐஹமின் படம். "இனி ஒரு தாயும் மொட்டைமாடிக்கு ஓடக் கூடாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி ஒன்றும் ஊரில் இருக்கக் கூடாது, கல்யாணத்தில் சுட்டால் சிறை என்று புதுச் சட்டம் கேட்டார். ஊர் முழுக்கச் சுவரொட்டி. ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் என் வண்டிக்கு எதிரே கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையின் முகம். சட்டத்துக்கு அவன் பெயரையே வைக்கலாம் என்று வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

என் வண்டியைச் சுற்றி நாள் முழுக்க இதே பேச்சு.

"அடுத்த தேர்தல்ல பொம்பளைங்க ஓட்டு மொத்தமா இவருக்குத்தான். அதான் விஷயம்" என்றான் ஒரு டாக்ஸிக்காரன்.

"ஓட்டாவது ஒண்ணாவது. வெளிநாட்டுக்காரன் நிதி குடுக்கிறான். துப்பாக்கிய ஒழிச்சேன்னு படம் எடுத்து அனுப்பணும்."

"நீங்க ரெண்டு பேரும் குழந்தைங்கடா. எதிர்க் கூட்டத்துக்காரன்கிட்ட இருக்கிறதைப் பிடுங்கணும். இவர்கிட்ட இருக்கிறதுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கும், பாரு."

"மனசார அழுதுகூடச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. துப்பாக்கி கூடாது என்கிறவரின் காருக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. இரண்டிலும் துப்பாக்கிக்காரர்கள். என்ன சொல்ல?

எங்கள் பேச்சு எதிலும் உம் ஐஹம் கலந்துகொள்ளவில்லை. சட்டம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவள் வாயிலிருந்து வரவில்லை. ஒருநாள் காலை, ரஹஃப் என்கிற இளம் வக்கீலின் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், புதுச் சட்டத்தின் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

"உங்க பையன் பேர்ல வரப்போற சட்டம் ரொம்ப நல்லா வந்திருக்கு காலா" என்றாள். காலா என்றால் சின்னம்மா. "ஜனங்க பயப்படாம கொண்டுவந்து குடுக்கணுமில்ல, அதுக்கும் வழி வச்சிருக்காங்க. சட்டம் வந்து ஆறு மாசத்துக்குள்ள ஒப்படைச்சா ஒரு கேள்வியும் கிடையாது. எங்கேருந்து வந்துச்சு, யாருது, ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"வாங்கி என்ன பண்ணுவாங்க?"

"உருக்கிருவாங்க. நேரா உலைக்கு."

பைக்குள் இருந்த கை அப்படியே நின்றது. வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான் காலா. ஒண்ணு விடாம."

"அப்ப அதையும்" என்றாள் உம் ஐஹம்.

ரஹஃப் புரியாமல் விழித்தாள். அப்புறம் புரிந்தது. பாவம், படித்த பெண், அழகாகச் சிவந்திருந்த முகம் வெளுத்துவிட்டது. அரசு வக்கீல் அலுவலகத்தில் ஒரு குண்டு கிடக்கிறது. அதோடு பொருத்திப் பார்க்க உலகத்தில் ஒரே ஒரு துப்பாக்கி. அது உருகிவிட்டால் அந்தக் குண்டு வெறும் ஈயத்துண்டு.

"இந்த வழியை யாரும்மா சட்டத்துல வைக்கச் சொன்னது?"

"பேக்தான்" என்றாள் ரஹஃப், மெல்ல.

சட்டம் இந்தக் கூட்டத்தொடரிலேயே வந்துவிடும் என்று பேச்சு. அதற்கு முன்னால் ஹாயில் பேக் ஒரு விழா வைத்தார். "என் குலத்திலிருந்து தொடங்குகிறேன்" என்று அறிவித்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் வீட்டு விருந்தினர் கூடத்தில் குலத்து ஆண்கள் எல்லோரும் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கம்பளத்தில் வைக்க வேண்டும், போலீஸ் வண்டி வந்து எடுத்துப்போகும், தொலைக்காட்சியும் வரும். விசேஷங்களுக்குக் கசப்புக் காபி காய்ச்சி ஊற்றுவது நான்தான். என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

கம்பளத்தில் குவிந்ததைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். துருக்கியன் ஆண்ட காலத்துத் துப்பாக்கி ஒன்று. கட்டை உடைந்து கயிறு சுற்றிய வேட்டைத் துப்பாக்கிகள். ஒன்றின் குழலுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அன்று ஊரையே அதிர வைத்த இயந்திரத் துப்பாக்கி ஒன்றையும் காணோம். கேள்வி கேட்காத சட்டம் வருகிற வரைக்கும் அதையெல்லாம் எவன் வெளியே எடுப்பான்?

பேக் காமிராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் சலசலப்பு. நீல அங்கியோடு உம் ஐஹம் உள்ளே வந்தாள். ஆண்கள் கூடம் அது. நடுவில் வந்து உட்கார்ந்தாள். அங்கே விருந்தாளியாக வந்திருந்த அவள் புருஷனின் அண்ணன் அபூ ஸக்ர் எழுந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போ! ஆம்பளைங்க உக்காந்திருக்கிற எடத்துல..."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் ஹாயில் பேக். அவர் கண் காமிராப் பக்கம் போய்விட்டு வந்தது. "நம்ம ஐஹமோட தாய். இந்தக் கூடத்துல எனக்கு முன்னாடி உக்கார உரிமை உள்ளவங்க. அபூ ஸுஹைர், காபி ஊத்து!"

அபூ ஸுஹைர் நான்தான். இடது கையில் கெண்டி, வலது கையில் கோப்பை. ஊற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கினாள். தரையில் வைத்தாள்.

எல்லோர் கண்ணும் அந்தக் கோப்பைக்குப் போனது. என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விவரம் தெரிந்த வீட்டுக்காரர் இந்த இடத்தில் என்ன வேண்டும் என்று கேட்பார். கேட்டுவிட்டுத்தான் வாக்குக் கொடுப்பார். ஹாயில் பேக்குக்கு அவசரம். கடைசியில் மன்னிக்கத்தான் வந்திருக்கிறாள், இல்லாவிட்டால் சட்டத்துக்குப் பையன் பெயரை வைக்கச் சம்மதிக்க வந்திருக்கிறாள் என்று எண்ணிவிட்டார். நெஞ்சில் கை வைத்து, ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"உன் காபியக் குடி தங்கச்சி! நீ எதுக்கு வந்தியோ அது உனக்கு ஆச்சு!"

கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த அபூ ஜிர்யிஸ் மட்டும், "அட, என்னன்னு கேட்டுட்டுச் சொல்லுய்யா" என்று மீசைக்குள் முனகினார்.

உம் ஐஹம் கோப்பையை எடுத்தாள். மோந்து பார்க்கவில்லை. ஒரே மடக்கில் குடித்தாள். போதும் என்று கோப்பையை ஆட்டி என் கையில் கொடுத்தாள்.

"எம் பையனைக் கொன்ன துப்பாக்கி உலைக்குப் போகக் கூடாது பேக். அது எனக்கு வேணும்."

நான் பேக்கின் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு கணம் தடுமாறியது. அப்புறம் சிரித்தார்.

"இவ்வளவுதானா? இந்தா, எல்லாம் உன் முன்னாடிதானே கிடக்கு! ஒண்ணு விடாம அரசு வக்கீலுக்கு அனுப்பறேன். அந்தக் குண்டோட வச்சுப் பாக்கட்டும்."

மறுபடி கைதட்டல். உம் ஐஹம் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். எழுந்து போய்ச் சிலந்திக் கூட்டுத் துப்பாக்கியைத் தூக்கினாள்.

"இதுல கோழிகூடச் சாகாது" என்று கீழே போட்டாள். "இது ஆம்பளைங்க பக்கம். பொம்பளைங்க பக்கத்தை நான் இன்னும் பாக்கல."

"என்ன சொல்ற?"

"உள்ள போய்த் தேடணும். அரசாங்கத்துக்காகப் பொம்பளைங்களைச் சோதனை போடறவ நான். நீங்க குடுத்த வாக்குலதான் நிக்கறேன்."

கூடம் கொதித்தது. வீட்டுப் பெண்கள் இருக்கும் இடத்தில் சோதனையா என்று இளவட்டங்கள் எழுந்தார்கள். அபூ ஸக்ர், "எங்க மானத்தை வாங்கவே பொறந்தியா?" என்று கத்தினார். பேக்கின் முகத்தில் சிரிப்பைக் காணோம். "காமிராவை நிறுத்து" என்றார். காமிராக்காரன் தோளிலிருந்து இறக்கினானே தவிர, அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அபூ ஜிர்யிஸ் தடியை ஊன்றி எழுந்தார். சத்தம் தானாக நின்றது.

"பேக், அன்னைக்கு அவ வீட்டுல நீ காபி குடிச்சே. நான்தான் உனக்காகப் பேசுனேன். இன்னைக்கு அவ உன் வீட்டுல குடிச்சிட்டா. நீ என்னன்னு கேக்காமயே குடுத்தே. அது உன் தப்பு. குடுத்ததைத் திருப்பி எடுக்கிறது நம்மகிட்ட கிடையாது."

யாரும் வழிவிடச் சொல்லவில்லை. உள்வாசலை மறித்து நின்ற இளைஞர்கள் தானாக விலகினார்கள். அவள் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு போனாள். பேக் உட்கார்ந்துவிட்டார். நான் கெண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்; ஒருவரும் கோப்பையை நீட்டவில்லை.

உள்ளே நடந்ததைப் பிறகு அவள்தான் சொன்னாள். பெண்கள் கூச்சல் போட்டார்களாம். பேக்கின் மனைவி உம் கினானா மட்டும் படுக்கை அறைக் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். இவள் எதையும் திறக்கவில்லை.

"குளிர்காலப் போர்வை வச்ச பெட்டியில இருக்கு" என்றாளாம் அவளே. "நீ வருவேன்னு தெரியும். நீ வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல."

"உம் பையனா?"

"ஊரே அப்படித்தான் நினைக்குது. கினானா அன்னைக்கு இங்கேயே இல்ல. அகபா துறைமுகத்துல வேலை. ஜெயிச்ச சேதியே போன்லதான் அவனுக்குப் போச்சு."

"அப்ப யாரு?"

அதற்கு அவள் ஆண்கள் கூடத்துப் பக்கம் இருந்த கதவைப் பார்த்தாளாம்.

திரைச்சீலை விலகியது. உம் ஐஹம் வந்தாள். இரண்டு கையிலும், குழந்தையை ஏந்துகிற மாதிரி, சிவப்பு வெல்வெட் போர்வை உறைக்குள் நீளமாக ஒன்று. அவள் பின்னால் உம் கினானா. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் கால் வைக்காதவள். உறையைக் கம்பளத்தில் வைத்துப் பிரித்தார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்த இயந்திரத் துப்பாக்கி, புதுசு மாதிரி மின்னியது.

"சட்டம் வர்ற வரைக்கும் பத்திரமா வச்சிரு, அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்கன்னு என்கிட்ட குடுத்தார்" என்றாள் உம் கினானா. ஒவ்வொரு சொல்லும் கூடம் முழுக்கக் கேட்டது. "எம் பையன் பேரை ஊர்ல இழுக்கறாங்க. அதையும் கேட்டுக்கிட்டுச் சும்மாதான் இருந்தார்."

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அன்று மொட்டைமாடியில் நின்ற பிள்ளை மேல் பாய்ந்த குண்டைச் சுட்டது மகன் இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில், கோட்டுப் போட்டுக்கொண்டு, பேக்கே சுட்டிருக்கிறார்.

ஹாயில் பேக் எழுந்திருக்கவில்லை. "வானத்தைப் பாத்துத்தான் சுட்டேன் தங்கச்சி" என்றார். "சத்தியமா, வானத்தைப் பாத்துத்தான்."

"தெரியும்" என்றாள் உம் ஐஹம். "வேணும்னு சுட்டீங்கன்னு நான் ஒருநாளும் நெனைக்கல. அன்னைக்கு எங்க வீட்டுக்கு யாருக்காக வந்தீங்கன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். உங்களுக்காகத்தான் வந்திருக்கீங்க. அப்புறம் எம் பையன் படத்தைக் கையில வச்சுக்கிட்டுப் பேசினதும் உங்களுக்காகத்தான்."

அபூ ஜிர்யிஸ் தன் முன்னால் இருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பொய்க்கு வாயைக் கொடுத்துவிட்ட ஆத்திரம். பழைய இரும்பை ஏற்றிப்போக வந்த போலீஸ் வண்டி அந்த ஒன்றை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

குண்டும் துப்பாக்கியும் பொருந்தின. எம்.பி. மேல் வழக்குப் போடவிடாத பேக்கின் பதவிப் பாதுகாப்பை நீக்கப் பாராளுமன்றத்தில் பேசிப் பேசி இழுத்து, ஒருவழியாக நீக்கினார்கள். சட்டம் இன்னும் கிடக்கிறது. இப்போது வேறொரு எம்.பி. அதைக் கையில் எடுத்திருக்கிறார். இவருக்கு என்ன காரணமோ என்று என் வண்டியைச் சுற்றி ஆராய்ச்சி நடக்கிறது. ரஹஃப் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சட்டமே வேண்டாம்னு நினைக்கிறீங்களா காலா?"

"வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்? நாளைக்கே வரட்டும். உலையில போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் பாத்துட்டுப் போடச் சொல்லு."

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று குளிர். ஹாயில் பேக்கை ஆண்கள் வரிசை வழியாகக் கூட்டிப்போனார்கள். அந்தப் போலீஸ்காரன் அவரையும் பேருக்குத்தான் தடவினான். கொஞ்சம் கழித்து ஒரு டாக்ஸி வந்து நின்றது. உம் கினானா தனியாக இறங்கினாள். கூட யாரும் இல்லை. மாமியார் வீட்டில் பேச்சு நின்று வெகுநாள் ஆகிறது என்று ஊருக்கே தெரியும். சாட்சி சொல்ல வந்திருந்தாள். பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

அவள் முறை வந்தது. தகரத் தடுப்புக்கு முன்னால் வந்து, பையை மேசையில் வைத்துவிட்டு, என்ன நினைத்தாளோ, இரண்டு கையையும் தூக்கினாள்.

நான் கெண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

உம் ஐஹம் கொஞ்ச நேரம் அந்தத் தூக்கிய கைகளைப் பார்த்தாள். பிறகு எட்டி அவற்றைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாள். மூடியிருந்த பையை எடுத்து, மூடியபடியே அவள் தோளில் மாட்டினாள். நீதிபதி மனைவியின் பாத்திரத்தையே கிளறிப் பார்த்தவள்.

"போம்மா" என்றாள். "உள்ள போ."

வரிசை முடிந்ததும் என் வண்டிக்கு வந்தாள். கோப்பையை நீட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"நேத்து காய்ச்சினதுதானே?"

"ஆமாம்மா" என்றேன். அன்று அது உண்மைதான்.